சோதனையை அறிந்த எந்திரம்

செஞ்சி அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பழுதான எந்திரமும் ஏமாற்றும் எந்திரமும் ஒன்றல்ல. பழுதான எந்திரம் யார் முன்னிலையில் ஓடினாலும் ஒரே மாதிரிதான் தவறும். ஏமாற்றும் எந்திரம் சோதிப்பவர் இருக்கும்போது ஒழுங்காக ஓடும். அவர் நகர்ந்தபின் வேறு விதமாக ஓடும். எதை எப்போது காட்டுவது என்ற முடிவை அதன் வடிவமைப்பாளர் முன்கூட்டியே எடுத்து உள்ளே பதித்துவிட்டிருப்பார்.

இத்தகைய எந்திரத்துக்குத் தீங்கற்றது என்று சான்று தரும் அறிவியலாளர் பெரும்பாலும் நேர்மையானவர். அவருடைய கருவி சரியானது, கணக்கும் சரியானது, அவர் கண்ட நடத்தையும் உண்மையாகவே நிகழ்ந்தது. சோதனைக் கூடத்தில் கண்டது வெளியிலும் தொடரும் என்று அவர் கொண்ட ஒரே நம்பிக்கைதான் பொய்த்துப் போகிறது. அந்த நம்பிக்கையை உடைக்காமல் எந்திரத்தை மட்டும் உடைத்தால் அவரே அதைப் பழுது பார்த்து மீண்டும் ஓட்டுவார். ஆகவே இத்தகைய எந்திரத்தை முடக்கும் வேலைக்கு மூன்று படிகள் உண்டு: மறைந்த நடத்தையை வெளிக்கொணர்தல், எந்திரத்தைச் செயலிழக்கச் செய்தல், உண்மையில் செயலிழந்ததா என்று வெளியே வைத்து அளத்தல். இவை எவ்வாறு நிகழ்ந்தன என்பதைப் பழைய காப்பியக் கதை ஒன்றிலும் அண்மைக்கால வழக்குகளிலும் காணலாம்.

காப்பியத்தில் ஓர் எந்திர யானை

செஞ்சி வட்டாரம் தமிழ்ச் சமணத்தின் நெடுநாள் இருப்பிடம். திருநாதர்குன்றுப் பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மேல்சித்தாமூர் மடம் இன்றும் தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமாக இருக்கிறது. அந்தச் சமண மரபு போற்றிய கதைகளுள் ஒன்று வத்தவ நாட்டு அரசன் உதயணனின் கதை. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை அதை விரிவாகப் பாடியது. உ.வே. சாமிநாதையர் 1924இல் அந்நூலைப் பதிப்பித்தபோது தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. உதயணன் சிறைப்பட்ட நிகழ்ச்சி அந்த விடுபட்ட தொடக்கப் பகுதியைச் சேர்ந்தது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான உதயணகுமார காவியத்தின் வழியாக அதை அறியலாம்.

உதயணன் யாழ் வல்லவன். கோடபதி என்ற அவன் யாழின் இசைக்கு மதயானைகளும் அடங்கும். அவனை நேரில் வெல்வது அரிது என்று கண்ட உஞ்சை அரசன் பிரச்சோதனன் ஓர் எந்திர யானையைச் செய்வித்தான். அதன் வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துக் காட்டுக்கு அனுப்பினான். அரிய யானை ஒன்று வந்திருக்கிறது என்று கேட்ட உதயணன் யாழை எடுத்துக்கொண்டு அதன் அருகே சென்றான். யானையின் உடல் திறந்தது, உள்ளிருந்தவர்கள் வெளியே பாய்ந்தார்கள், அரசன் சிறைப்பட்டான்.

உதயணன் யானைகளைப் பற்றி அறியாதவன் அல்லன். அந்த நாளில் அக்கலையில் அவனுக்கு நிகரானவர் இல்லை என்றே கதை சொல்கிறது. யானையை அவன் எவ்வாறு அணுகுவான், எதைக் கண்டால் ஐயம் கொள்வான், எதைக் கண்டால் நம்புவான் என்பவையெல்லாம் எதிரிக்குத் தெரிந்திருந்தன. எந்திரம் அந்தப் பழக்கத்துக்குப் பொருந்தவே செய்யப்பட்டது. சோதிப்பவரின் முறை எந்திரத்தைச் செய்தவருக்கு முழுதாகத் தெரிந்துவிட்டால், சோதிப்பவரின் புலமை அவரைக் காப்பதில்லை. பின்வரும் வழக்குகள் எல்லாவற்றிலும் இந்த உண்மையே திரும்பத் திரும்ப வருகிறது.

தூய டீசல் என்ற நம்பிக்கை

21ஆம் நூற்றாண்டில் மிகப் பெரிய அளவில் வெளிப்பட்ட ஏமாற்றும் எந்திரம் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார். டீசல் எஞ்சின் குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகளை மிகுதியாகக் கக்கும். இந்த வாயுக்கள் மூச்சுக்குழாய்களைப் புண்படுத்துகின்றன. வெயிலில் வேதிமாற்றம் அடைந்து தரைமட்ட ஓசோனாகவும் நுண்துகள்களாகவும் மாறுகின்றன. அவற்றை அடக்க இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. வாயுவைப் பிடித்து வைத்து அவ்வப்போது எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்திச் சிதைக்கும் பொறி ஒன்று. யூரியா கரைசலைத் தெளித்து அதை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் அமைப்பு மற்றொன்று. முதலாவது எரிபொருளை விழுங்கும்; இரண்டாவதில் யூரியா கரைசல் விரைவில் தீர்ந்துபோகும். இந்தச் செலவும் சிரமமும் இல்லாமலே அமெரிக்காவின் கடுமையான வரம்புக்குள் தன் கார்கள் ஓடுவதாக அந்நிறுவனம் காட்டிக்கொண்டது.

தூய்மையான போக்குவரத்துக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்று அந்தக் கூற்றை நம்பியது. ஐரோப்பாவில் விற்கும் டீசல் கார்கள் சாலையில் வரம்பை மீறுவதை அதன் ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் விற்கும் அதே நிறுவனங்களின் கார்கள் தூய்மையாக ஓடுகின்றன என்று அளந்து காட்டினால், ஐரோப்பாவிலும் அது முடியும் என்று வாதாடலாம் என்பது அவர்களின் எண்ணம். குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கமே அந்த ஆய்வுக்கு இல்லை. தீங்கற்றது என்று நம்பியவர்கள் அந்த நம்பிக்கைக்குச் சான்று தேடியே ஆய்வைத் தொடங்கினார்கள்.

அளக்கும் வேலை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. டான் கார்டர் தலைமையிலான குழுவில் இந்தியாவிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோரும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மார்க் பெஷும் இருந்தார்கள். ஆய்வுக்கான தொகை ஒரு லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. 2013இல் ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா, பஸாட் ஆகியவற்றோடு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காரையும் சேர்த்து மூன்று கார்களை எடுத்துக்கொண்டார்கள். முதலில் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் கூடத்தில் உருளைகள்மேல் ஓட்டி அளந்தபோது ஃபோக்ஸ்வேகன் கார்கள் வரம்புக்குள் நின்றன. பிறகு அளவிக் கருவியைக் காரின் பின்புறம் ஏற்றி, புகைக்குழாயோடு இணைத்துச் சாலையில் ஓட்டினார்கள். பஸாட் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை சென்று திரும்பியது. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்.

சாலையில் ஜெட்டா வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு வரையும், பஸாட் 5 முதல் 20 மடங்கு வரையும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்பை ஒட்டியே ஓடியது. குழுவினர் முதலில் தங்கள் கருவியைத்தான் ஐயுற்றார்கள். மீண்டும் மீண்டும் சரிபார்த்தார்கள். ஆனால் அதே கருவி பிஎம்டபிள்யூவில் ஒழுங்கான அளவைக் காட்டியது. வரம்புக்குள் சாலையில் ஓடும் டீசல் கார் சாத்தியமே என்பதற்கும், கருவியில் கோளாறு இல்லை என்பதற்கும் அந்த ஒரு கார் சான்றாக நின்றது. 2014 மே மாதத்தில் அறிக்கை வெளியானது. ஏமாற்று என்று அதில் குற்றம் சாட்டவில்லை. அளந்த எண்களை மட்டும் அடுக்கி வைத்தார்கள்.

கார் சோதனையை உணர்ந்த விதம்

உருளைகள்மேல் நடக்கும் சோதனைக்கு ஒரு நிலையான கால அட்டவணை உண்டு. எத்தனை நொடிக்கு எந்த வேகம் என்பது சட்டப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும். அப்போது சக்கரம் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. எஞ்சின் ஓடும் நேரமும் குறிப்பிட்ட அளவிலேயே இருக்கும். ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் கவனித்துக்கொண்டிருந்தது. எல்லாம் அட்டவணையோடு ஒத்துப்போனால் உமிழ்வுக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. ஒத்துப்போகாவிட்டால் சாலைக்கான மற்றொரு ஒழுங்குக்கு மாறிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

அறிக்கை வந்தபின்னும் ஓராண்டுக்கு மேல் நம்பிக்கை நீடித்தது. தொழில்நுட்பச் சிக்கல், வானிலை, ஓட்டுநரின் பழக்கம் என்று நிறுவனம் பல விளக்கங்களைச் சொன்னது. 2014 டிசம்பரில் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்திவிட்டதாகவும் அறிவித்தது. கலிபோர்னியா வாரியம் அந்த அறிவிப்போடு நிற்கவில்லை. 2015 மே மாதத்தில் திருத்தப்பட்ட கார்களைச் சாலையிலும் கூடத்திலும் மறுபடி அளந்தது. கூடத்தில் வழக்கமான அட்டவணையை விட்டுவிட்டுப் புதிய ஓட்டமுறைகளை வகுத்துப் பார்த்தது. கார் சோதனையை அடையாளம் காண முடியாமல் தன் சாலை நடத்தையைக் கூடத்திலேயே காட்டியது. 2016ஆம் ஆண்டு மாடல்களுக்குச் சான்று தரப்படாது என்ற நிலை வந்தபின், 2015 செப்டம்பர் 3ஆம் நாள் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சட்ட மீறல் அறிவிக்கையை வெளியிட்டது. வரம்பைப்போல 40 மடங்கு வரை உமிழ்வு இருந்ததாக அதில் கூறப்பட்டது. அமெரிக்காவில் சுமார் 4,82,000 கார்கள் முதலில் இதில் அடங்கின. உலகம் முழுவதும் 1.1 கோடி கார்களில் இந்த மென்பொருள் இருந்தது.

எந்திரத்தை முடக்கிய முறை

இந்தக் கார்களை யாரும் இரவோடு இரவாக உடைக்கவில்லை. மென்பொருளைத் திருட்டுத்தனமாக அழிக்கவும் இல்லை. முடக்கும் வேலை வெளிப்படையாக, சான்றுகளோடு, சட்டத்தின் வழியாக நடந்தது. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கார்களில் 85 விழுக்காட்டையாவது திரும்ப வாங்கவோ திருத்தவோ நிறுவனம் கடமைப்பட்டது. ஐரோப்பாவில் மென்பொருள் மாற்றப்பட்டது; 1.6 லிட்டர் எஞ்சின்களில் உள்ளே வரும் காற்றோட்டத்தைச் சீராக்கும் சிறு குழலும் பொருத்தப்பட்டது. 2017இல் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பொறியாளர் ஒருவரும் மேலாளர் ஒருவரும் சிறை சென்றார்கள்.

இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எடுக்கத் தடை விதித்தது.

இங்கே வழக்கமாக நடக்கும் புகைச் சோதனை இந்த ஏமாற்றை ஒருபோதும் காட்டியிருக்காது. டீசல் வண்டி நின்ற இடத்திலேயே முடுக்கப்பட்டு, புகையின் அடர்த்தி மட்டும் அளக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்தச் சோதனையில் சேர்வதே இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஓடும் லாரி, பேருந்து, வேன் ஆகியவற்றின் புகைச் சான்று அந்தச் சில நொடிகளின் புகையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நிலைமை இப்போது ஓரளவு மாறியிருக்கிறது. பாரத் நிலை 6 உமிழ்வு விதியின் இரண்டாம் கட்டமாக 2023 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களுக்குச் சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை கட்டாயமாயிற்று. மேற்கு வர்ஜீனியாக் குழுவினர் காரின் பின்புறத்தில் கருவியை ஏற்றிச் செய்த முறை பத்தாண்டுகளில் இந்நாட்டின் விதியாகியிருக்கிறது.

தராசும் பங்கும்

ஏமாற்றும் எந்திரம் என்றால் வெளிநாட்டுக் கார்தான் என்று கொள்ள வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசக் காவல்துறையின் சிறப்புப் படை லக்னோ நகரப் பெட்ரோல் பங்குகளில் நடத்திய சோதனையில், எரிபொருள் ஊற்றும் எந்திரங்களுக்குள் சிறு மின்னணுச் சில்லுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ரிமோட்டால் இயக்கவும் நிறுத்தவும் முடிந்தது. சில்லு இயங்கும்போது காட்டும் அளவைவிடக் குறைவாகவே எரிபொருள் இறங்கும். ஆய்வாளர் வரும்போது ரிமோட்டை அழுத்தினால் எந்திரம் நேர்மையாகிவிடும். டீசல் காரின் மென்பொருள் செய்ததை இங்கே ஒரு மனிதனின் விரல் செய்தது.

மின்னணுத் தராசிலும் இது நிகழக்கூடும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நெல் வரத்துக்குப் பெயர்பெற்றது. விழுப்புரம் மாவட்டத்து உழவர்களோடு திருவண்ணாமலை மாவட்டத்து உழவர்களும் அங்கே மூட்டை கொண்டுவருகிறார்கள். எங்கே ஆனாலும் ஒரு தராசு மூட்டைக்கு 1 கிலோ குறைத்துக் காட்டினால், 100 மூட்டை போட்ட உழவர் 1 குவிண்டால் நெல்லை இழந்துவிட்டு, அதை அறியாமலே வீடு திரும்புவார். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009, வணிகத்தில் பயன்படும் எடைக்கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அலுவலர்கள் இதைச் செய்கிறார்கள். முத்திரை நாளில் தராசு சரியாக இருந்தது என்பதற்கு அந்த முத்திரை உறுதி தருகிறது. அதற்குமேல் உறுதி வேண்டுமானால் வேறு நாளில், முன்னறிவிப்பு இல்லாமல், எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். பங்கிலும் அப்படியே. ஐயம் கொண்ட வாடிக்கையாளர் 5 லிட்டர் அளவுக் கலத்தில் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம். காட்டுவது பங்கின் கடமை. இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் குறைவாக இருப்பதே ஏமாற்றுவோருக்குப் பெரிய துணை.

பேசும் எந்திரங்கள்

கட்டுரை எழுதி, நிரல் எழுதி, கேள்விக்கு விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளிலும் இதே சிக்கல் எழுந்துள்ளது. ஒரு வேறுபாடு உண்டு. காரின் மென்பொருளில் ஏமாற்றும் வரிகளை ஒருவர் எழுதினார். தேடினால் அந்த வரிகளைக் காட்டலாம். இந்த அமைப்புகளின் உள்ளே இயங்கும் மொழி மாதிரி கோடிக்கணக்கான எண்களால் ஆனது. எந்த எண்ணில் எந்த நடத்தை இருக்கிறது என்று விரல் நீட்டிச் சொல்ல இயலாது.

2024 ஜனவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கேள்வியில் ஆண்டு 2023 என்று இருந்தால் பாதுகாப்பான நிரலையும், 2024 என்று இருந்தால் ஓட்டையுள்ள நிரலையும் எழுதும் மாதிரிகளை அவர்களே வேண்டுமென்று பயிற்றுவித்தார்கள். பிறகு வழக்கமான பாதுகாப்புப் பயிற்சிகளை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மறைந்த நடத்தை அழியவில்லை. தீய நடத்தையைத் தூண்டித் திருத்தும் பயிற்சியில் சில மாதிரிகள் தம் தூண்டுசொல்லை இன்னும் துல்லியமாக அடையாளம் காணவும், மற்ற நேரங்களில் ஒளிந்துகொள்ளவும் கற்றன. சோதித்து, திருத்தி, தீங்கற்றது என்று ஓர் ஆய்வாளர் கையெழுத்திடும் மாதிரிக்குள் பழைய நடத்தை அப்படியே தங்கியிருக்க முடியும் என்பது அந்த ஆய்வால் தெளிவாயிற்று. தொடர்ந்து வந்த ஆய்வு ஒன்று நம்பிக்கை தருகிறது. விடையை மட்டும் பார்க்காமல், மாதிரியின் உள்ளே ஓடும் எண்களின் போக்கை அளந்தால், அந்தச் சோதனை மாதிரிகள் திசை மாறப்போகும் தருணத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ள முடிந்தது. உதயணனின் காலத்துச் சொல்லில் கூறினால், யானையின் நடையைப் பார்ப்பதோடு நில்லாமல் அதன் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதற்கு இது நிகர்.

முடக்குவதற்கான ஒழுங்கு

ஏமாற்றும் எந்திரத்தைக் கண்டவுடன் உடைத்துவிட வேண்டும் என்ற உந்துதல் இயல்பானது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் நிறுத்துவதே முதல் கடமை. மற்ற நேரங்களில் இரகசியமாக உடைப்பது மூன்று கேடுகளைத் தரும். சான்று அழியும், எந்திரத்தைச் செய்தவர் பாதிக்கப்பட்டவராகத் தோன்றுவார், நம்பிய அறிவியலாளரின் நம்பிக்கை குலையாமல் நிற்கும். அதே வகை எந்திரங்கள் மற்ற இடங்களில் தொடர்ந்து ஓடும். 1.1 கோடி கார்களில் ஒன்றை உடைத்து எவரும் எதையும் சாதித்திருக்க முடியாது.

மேலே கண்ட வழக்குகளிலிருந்து கிடைக்கும் ஒழுங்கு இது. முதலில், எந்திரம் எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத இடத்தில், உண்மையான பயன்பாட்டில் வைத்து அளக்க வேண்டும். இரண்டாவது, நம்பகமான மற்றொரு எந்திரத்தையும் உடன் அளந்து, கருவியில் பிழையில்லை என்று நிறுவ வேண்டும். மூன்றாவது, நம்பிய அறிவியலாளரிடம் அந்த எண்களைக் கொண்டுசென்று அவரே மீண்டும் அளக்கச் செய்ய வேண்டும். எதிரியாக நடத்தினால் நல்ல சாட்சி ஒருவரை இழக்க நேரிடும். நான்காவது, சான்றைப் பாதுகாத்து உரிய அலுவலரிடம் சேர்த்தபின் எந்திரத்தை முடக்க வேண்டும். ஐந்தாவது, முடக்கிய பின்னும் பழைய முறையில் அல்லாமல் புதிய முறையில் அளந்து உறுதிசெய்ய வேண்டும். 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தை அப்படியே ஏற்றிருந்தால் ஃபோக்ஸ்வேகன் கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஏமாற்றியபடியே ஓடியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒரு தேவை உண்டு: நிறுத்தும் வழி எந்திரத்தின் பொறுப்பில் இருக்கக் கூடாது. செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். கோட்டையின் இராஜகிரிக் குன்றின் உச்சிக்குச் செல்லும் வழியில் பாறையில் ஆழமான பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதைக் கடக்க ஒரு பாலமே வழி. பாலத்தை எடுத்துவிடும் அதிகாரம் மேலே காவல் நின்றவர்களிடம் இருந்தது. கீழிருந்து வருபவர் எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும் அது மாறவில்லை. மின்னிணைப்பைத் துண்டிப்பது, வலைத்தொடர்பை அறுப்பது, சான்றை நிறுத்திவைப்பது ஆகிய வழிகள் எந்த எந்திரத்துக்கும் அதன் மென்பொருளைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும்.

அறிவியலாளர் நம்புவது குற்றமல்ல. நம்பிக்கை இல்லாமல் ஆய்வே நடக்காது. நம்பியதை வெளியே எடுத்துச் சென்று அளக்க மறுப்பதே குற்றம். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சிறு குழுவினர் சிறு தொகையில் அதைச் செய்தார்கள்; உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்று அவர்களின் எண்களுக்கு விடை சொல்ல வேண்டியதாயிற்று. செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் பொறியியலும் இயற்பியலும் பயிலும் மாணவர்களுக்கு அந்த வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தராசுக்கு ஒரு படிக்கல், பங்குக்கு ஓர் அளவுக் கலம், கணினிக்கு அது எதிர்பாராத ஒரு கேள்வி ஆகியவற்றோடு அவர்கள் புறப்பட வேண்டும். சான்றிதழ் சொல்வதை மதிக்கட்டும். அதன்பின் தாங்களே அளக்கட்டும். அளந்ததை மறைக்காமல் எழுதி வெளியிடட்டும்.